எட்டு மில்லிமீட்டர் கம்பு

செத்தது ஐந்து கோழி. ஐந்தும் ஒரே காலையில், ஒரே ஓடைக்கரையில், கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. ஓடைக்கு மேலே விஜயராஜின் ஏலத்தோட்டம் இருக்கிறது. முந்தின நாள் அங்கே ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, டிரம்மைக் கழுவிய தண்ணீரை ஓடையில் விட்டிருந்தார்கள். தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாக இறங்கி வந்தது. கோழி குடித்தது, செத்தது. இதைப் புரிந்துகொள்ள ஜக்கையனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவன் மனைவி மருதாயிக்கு அதுகூட ஆகவில்லை. ஆபீசுக்கு எவ்வளவு நாள் ஆனது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

குரங்கணி ரோட்டோரம் மலையடியில் அவர்களுக்கு ஒரு வீடும் வீட்டைச் சுற்றி முப்பத்திரண்டு நாட்டுக்கோழிகளும் இருந்தன. இப்போது இருபத்தேழு. மருதாயி போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் பதினெட்டு வருஷமாகப் போய்வருகிறாள். ஆனால் கேட்டால், "எனக்குக் கோழி வளக்கிற சோலி. காய் பொறுக்கப் போறது சும்மா பொழுதுபோக்கு" என்பாள். கோழிகளுக்குப் பெயர் வைக்கிற ஆள் இல்லை அவள். ஆனால் எது எங்கே முட்டையிடும், எது யாரிடம் சண்டைக்குப் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐந்தையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்து, "மிச்சத்துல ஒண்ணு போனாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன். போயி எழுதிக் குடுத்துட்டு வாய்யா" என்றாள்.

ஜக்கையன் எழுதிய மனு ஒரே வரிதான். மேல்தோட்டத்து மருந்துத் தண்ணீர் ஓடையில் வருவதைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போடிக்குப் போனான். ஒரு ஆபீசில், மருந்து சங்கதி இங்கே இல்லை என்றார்கள். அடுத்த ஆபீசில், தண்ணீர் சங்கதி இங்கே இல்லை என்றார்கள். மூன்றாவது ஆபீசில் ஒருவர் மனுவைக் கடைசி வரை படித்தார். ஒரே வரி என்பதால் அது சீக்கிரம் முடிந்தது. "செத்தது என்ன?" என்று கேட்டார். கோழி என்றான். "அப்ப கோழி வாரியத்துக்குப் போங்க. நல்லவேளை, புதுசா ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். நல்லவேளை என்று அவர் சொன்னதை ஜக்கையன் நம்பினான்.

கோழி உணவு நல உறுதி வாரியம் ஒரு சாக்குக்கடையின் மாடியில் இருந்தது. ஒவ்வொரு கோழிக்கும் பாதுகாப்பான, சத்தான உணவு கிடைக்கச் செய்வது அதன் நோக்கம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப் படம். படம் வரைந்தவர் கோழியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, அதற்கு மூக்குத் துவாரம் கண்ணுக்கு மேலே இருந்தது. வாரியத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். கோழி வளர்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. வளர்த்தவரைச் சேர்த்தால் அவர் கோழிக்குச் சாதகமாக நடந்துகொள்வார் என்று கவனமாகத் தவிர்த்திருந்தார்கள்.

ஆய்வாளர் சூர்யபிரகாஷ் சின்ன வயசு, சலவைச் சட்டை, கையில் டேப்லெட். மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு படிவத்தைத் திறந்தார்.

"செத்த கோழிங்க அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டுச்சு?"

"கம்பு போட்டேன் சார். அதுபோகக் கீரை, புழு, பூச்சின்னு வெளிய மேஞ்சிருக்கும்."

"மேஞ்சிருக்கும்னா? நீங்க கூட இருந்து பாக்கலையா?"

"கோழி மேயறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா எஞ்சோலிய யாரு சார் பாப்பா?"

ஆய்வாளர் ஏதோ தட்டினார். தட்டியதை வாசித்தும் காட்டினார். "உரிமையாளரின் மேற்பார்வை இல்லை."

"சார், அதுக சாப்பிட்டதால சாகல. தண்ணியில மருந்து..."

"தண்ணி எங்க வரம்புல வராதுண்ணே. எங்க வாரியத்துப் பேர்ல உணவுன்னுதான் இருக்கு. தண்ணி உணவா?"

ஜக்கையன் நிஜமாகவே யோசித்தான். தண்ணீர் உணவு இல்லைதான். படித்த பிள்ளை சொல்கிறது. ஆனால் வந்த காரியம் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போவது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. எங்கே வழுக்கியது என்றுதான் பிடிபடவில்லை.

"கவலைப்படாதீங்க. ஐயாவே நேர்ல வந்து பாப்பாரு" என்றார் ஆய்வாளர்.

ஐயா என்பவர் இயக்குநர் ராம்பிரசாத். நான்கு நாளில் ஜீப்பில் வந்தார். கூடவே ஆய்வாளர், ஒரு மேஜை, அதற்கு விரிப்பு, நான்கு சல்லடைகள், ஒரு கட்டுப் படிவம். இந்தச் சல்லடைக்கும் படிவத்துக்கும் ஒரு கதை உண்டு. வாரியம் தொடங்கியபோது கோழித் தீவனத்தைச் சோதிக்க அதனிடம் ஒரு கருவியும் இல்லை. போடியில் சல்லடை வேண்டும் என்றால் ஏலக்காய் சலிக்கிற சல்லடை தெருவுக்குத் தெரு கிடைக்கும். தர அட்டவணை அச்சடிக்க வேண்டும் என்றால் எந்த அச்சகத்திலும் ஏலக்காய் அட்டவணை தயாராக இருக்கும். தலைப்பை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டார்கள். அளவு, நிறம், மணம், பிளந்தது, பிளக்காதது என்று மற்ற கட்டங்கள் அப்படியே நின்றன. அரசு முத்திரை விழுந்ததும் அது விஞ்ஞானம் ஆகிவிட்டது.

ஜக்கையன் ஒரு முறம் கம்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஆய்வாளர் அதை எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் போட்டார். கம்பு மொத்தமும் கீழே கொட்டியது.

"எட்டுக்கு மேல?" என்றார் இயக்குநர்.

"பூஜ்யம் சார்."

ஏழில் போட்டார்கள், பூஜ்யம். ஆறில் போட்டார்கள், பூஜ்யம். இயக்குநரின் முகம் ஒவ்வொரு சல்லடைக்கும் ஒரு படி இருண்டது. "நிறம்?"

"பச்சை இல்ல சார்."

"மணம்?"

ஆய்வாளர் முகர்ந்தார். "கம்பு வாசம்தான் சார் வருது."

"பதினஞ்சு வருஷ சர்வீசுல இவ்வளவு மோசமான உணவை நான் பாத்ததில்ல" என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

வாசலில் நின்ற மருதாயி சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் அவள் கையில் புரண்ட சாமான் அது. "சார், இது ஏலக்காய் சலிக்கிற சல்லடைல்ல?"

"அம்மா, சல்லடை சல்லடைதான். அதுக்கு என்ன தெரியும், உள்ள கம்பு இருக்கா காய் இருக்கான்னு? அதான் நடுநிலைமை."

அடுத்து மக்காச்சோளம். எட்டு மில்லிமீட்டரில் கணிசமாக நின்றது. ஆய்வாளர் உற்சாகமானார். ஆனால் நிறம் மஞ்சள். தள்ளுபடி. குருணை அரிசியைப் பிளந்த வகையில் சேர்த்துத் தள்ளினார்கள். முருங்கைக்கீரை பச்சைதான், சல்லடையில் மட்டும் இறங்க மறுத்துவிட்டது. ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஜக்கையன், குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துப் போடுவோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"கறையானா? எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல சார். பழைய பானையில சாணியும் வைக்கோலும் போட்டுக் கவுத்து வச்சா, அதுவா வரும்."

"உற்பத்தித் தேதி?"

"ராத்திரி வரும் சார்."

"காலாவதி?"

"கோழி பாத்துருச்சின்னா அத்தோட சரி."

இயக்குநர் பேனாவை மூடினார். இதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை. வாரியத்தின் ஆணை அன்றைக்கே வந்தது. இருபத்தேழு கோழிகளையும் பஞ்சாரக் கூடையில் அடைத்துவைக்க வேண்டும். வாரியம் அங்கீகரிக்காத எதையும் கொடுக்கக் கூடாது. இறுதி அறிக்கையில் ஐந்து கோழிகளின் சாவுக்கு உரிமையாளரின் உணவுமுறையே காரணம் என்று வந்தால், மிச்சக் கோழிகள் வாரியத்தின் ஊட்டச் சீர்திருத்த மையத்துக்குக் கொண்டுபோகப்படும்.

"மையத்துக்குப் போன கோழி திரும்பி வருமா சார்?" என்று கேட்டான் ஜக்கையன்.

"திருந்திட்டா வரும்" என்றார் ஆய்வாளர்.

"இதுவரைக்கும் எத்தன போச்சு?"

"நாப்பது."

"எத்தன வந்துச்சு?"

"இன்னும் ஒண்ணும் திருந்தலண்ணே" என்றார் ஆய்வாளர். மையம் இருக்கிற பொட்டிபுரத்துக்காரர் ஒருவர் பிறகு சொன்னார், மையத்தின் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இஞ்சி பூண்டு வதங்குகிற வாசம் வருகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து மருதாயி சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கீகரித்த உணவு எது என்று சொன்னால் அதையாவது போடலாமே என்று ஜக்கையன் ஆபீசுக்கு நடையாய் நடந்தான். ஆராய்ச்சி நடக்கிறது என்றார்கள். நிஜமாகவே நடந்தது. போடிக் கடைகளில் கிடைத்த நாற்பத்தோரு பண்டங்களை வாங்கி, நான்கு சல்லடையிலும் சலித்து, நிறம் பார்த்து, முகர்ந்து, எழுதினார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது. நாற்பத்தொன்றில் எல்லாக் கட்டத்திலும் தேறியது ஒன்றே ஒன்று. அளவு எட்டுக்கு மேல், நிறம் நல்ல பச்சை, மணம் சிறப்பு, பிளவு இல்லை. ஏலக்காய்.

இப்படி ஒரு முடிவு வந்தால் சாதாரண மனிதன் சல்லடையைச் சந்தேகிப்பான். வாரியம் விழா எடுத்தது.

விழா நடந்தது ஜக்கையன் வீட்டு வாசலிலேயே. பந்தல் போட்டு, மேடை போட்டு, பதினோரு நாற்காலி போட்டு, பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். ஜக்கையன் உட்காரவில்லை, நாற்காலி எல்லாம் அவன் வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் எடுத்தவை. கோழிகளுக்கு ஒரு மூட்டை ஏலக்காயைத் தானமாகக் கொடுத்தவர் மேல்தோட்டத்து விஜயராஜ். அவருக்குத்தான் முதல் மாலை. அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "எங்க தோட்டத்துக் காய்ல ஒரு பூச்சியக் காட்டுங்க பாப்போம். பூச்சி வந்து உக்காரும், நான் இல்லங்கல. ஆனா உக்காந்த எடத்துலயே செத்துரும். அவ்வளவு சுத்தம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜக்கையனும் தட்டினான், பக்கத்தில் நின்றவர் தட்டியதால். மருதாயி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு இயக்குநர் பேசினார். "சில பேர் கேக்கறாங்க, காலங்காலமா கோழி தானாத்தானே மேஞ்சு வளந்துச்சுன்னு. வளந்துச்சு, நான் மறுக்கல. ஆனா அதுக்கு ஆவணம் இருக்கா? ஒரு கோழி தனக்கு எது நல்லது எது கெட்டதுன்னு தானே முடிவு பண்ண ஆரம்பிச்சா, நாளைக்கு இந்த வாரியம் எதுக்குன்னு ஒருத்தன் கேப்பான். அந்த நெலமைய நாங்க வரவிட மாட்டோம். இந்த மேடையில உக்காந்திருக்கிற பதினோரு பேருக்கும் குடும்பம் இருக்கு. கோழியோட ஆரோக்கியம்ங்கறது அந்தப் பதினோரு குடும்பத்தோட ஆரோக்கியம்."

அந்த ஒரு இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பேச்சு முடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினார்கள். ஒரு தாம்பாளத்தில் ஏலக்காய். பத்து நாள் அடைபட்டுக் கிடந்த கோழிகள் ஓடிவந்தன, பார்த்தன, நின்றன. சேவல் மட்டும் ஒன்றைக் கொத்தியது. தலையை உதறியது. பிறகு மேடைக்கு நடந்துபோய், இயக்குநரின் ஷூவில் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டது. விழாக் குறிப்பேட்டில் ஆய்வாளர் இப்படி எழுதினார். "சேவல் இயக்குநருக்கு மரியாதை செலுத்தியது. கோழிகள் உணவை ஏற்றுக்கொண்டு, உண்பதை ஒத்திவைத்தன."

அந்தப் பத்து நாளும் கோழிகள் உயிரோடு இருந்ததற்கு மருதாயிதான் காரணம். விடிந்ததும், ஆபீஸ் திறக்குமுன், பஞ்சாரத்துக்குள் கம்பைத் தூவிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஏலக்காய் மூட்டை தந்தபிறகும் அப்படியே செய்தாள். ஆனால் வாரியம் லேசுப்பட்டதா? ஒருநாள் ஆய்வாளர் திடீரென்று வந்து, குனிந்து, பஞ்சாரத்துக்கடியில் கிடந்த கோழிப்பீயை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை கிடைத்தது. கிளறியதை முகர்ந்தும் பார்த்தார்.

"ஏலக்காய் வாசம் இல்லையேண்ணே."

ஜக்கையன் கீழே சிந்திக் கிடந்த கம்பைக் காலால் மண்ணுக்குள் தள்ளினான்.

"அப்ப வேற எதையோ குடுக்கறீங்க. ஆணைய மீறிட்டீங்க. வெள்ளிக்கெழம ஐயா வந்து இறுதி அறிக்கைய வாசிப்பாரு. வாசிச்ச கையோட கோழியெல்லாம் ஜீப்புல ஏத்திருவோம்." போகிறபோது குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு இங்கதான். விஜயராஜ் அண்ணாச்சியும் வர்றாரு. ஐயாவுக்கு மலையடி நாட்டுக்கோழின்னா உசுரு. நல்லாப் பண்ணிருங்க."

ஜக்கையன் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை போகப்போகிற கோழியில் ஒன்றை அன்றைக்கே பிடித்து அறுத்து, கொண்டுபோகிறவனுக்கே குழம்பு வைத்துப் போட வேண்டும். மருதாயி வந்ததும் சொன்னான். சத்தம் போடுவாள் என்று பயந்தான். அவள் சத்தம் போடவில்லை.

"வர்றவுக வரட்டும். நாட்டுக்கோழிதான கேட்டாக? போட்டுருவோம். நீ வெள்ளிக்கெழம காலையில வாழையிலைக்கும் வெறகுக்கும் போயிட்டு வா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவன் இலைக்கட்டோடு திரும்பியபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எந்தக் கோழி என்று அவன் கேட்கவில்லை. பஞ்சாரத்தின் பக்கம் திரும்பவும் இல்லை. மேலே தோட்டத்தில் முந்தின நாள் மறுபடியும் மருந்தடித்திருந்தார்கள், ஓடை மறுபடியும் வெள்ளையாக ஓடியது. அதையும் அவன் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது அவனுக்கு.

ஒரு மணிக்கு இயக்குநர், ஆய்வாளர், விஜயராஜ் மூவரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பின்னால் கோழிக்கூடைகள் அடுக்கியிருந்தன. சாப்பிட்டால் கையில் எண்ணெய் ஒட்டும் என்பதால் முதலில் அறிக்கை என்றார் இயக்குநர். எழுந்து நின்று வாசித்தார்.

"ஐந்து கோழிகளின் மரணத்துக்குக் காரணம், எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த தரமற்ற உணவு. மேல்தோட்டத்தின் மீதான புகார் ஆதாரமற்றது. ஓடை நீர் தூய்மையானது. அதைக் குடிப்பதால் எந்த உயிருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. எனவே இருபத்தேழு கோழிகளையும் மையத்துக்கு அனுப்ப உத்தரவிடப்படுகிறது."

கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் பாக்கெட்டிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். விஜயராஜ் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். ஜக்கையனுக்குக் கண் கலங்கிவிட்டது, இலை போடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

மூவரும் உட்கார்ந்தார்கள். இயக்குநர் முதல் வாயிலேயே கண்ணை மூடினார். "இதுதான் நாட்டுக்கோழி. வாயில வச்ச உடனே தெரியுது பாத்தீங்களா, மலையில மேஞ்ச கறி. பிராய்லரெல்லாம் இதுகிட்ட நிக்குமா? கோழி விஷயத்துல என்ன ஏமாத்த முடியாது."

மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு காரம். ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். மருதாயி செம்போடு நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். இயக்குநர் மூன்றாவது டம்ளரையும் அண்ணாந்து குடித்துவிட்டு, "தண்ணிகூட என்னமா இருக்கு! மலைத்தண்ணிதானம்மா?" என்றார்.

"ஆமா சார். ஓடைத்தண்ணிதான்" என்றாள் மருதாயி. "எப்பவும் கொழாய்த் தண்ணிதான் குடிப்போம். நீங்க இப்ப வாசிச்சீகல்ல, தூய்மையான தண்ணி, குடிச்சா எந்த உசுருக்கும் கெடுதல் இல்லன்னு? அதக் கேக்கவும் தைரியமாப் போயி மோந்துட்டு வந்தேன். லேசா வெள்ளையாத்தான் இருந்துச்சு."

முதலில் எழுந்தது இயக்குநர் இல்லை, விஜயராஜ். இலையைத் தாண்டிக் குதித்து வாசலுக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டார். "நேத்துத்தான்யா அடிச்சோம்! டப்பாவுல போட்டிருக்கிறதவிட ரெண்டு பங்கு சேத்துக் கலக்கச் சொன்னேன்யா! ஜீப்ப எடுங்கய்யா, வெரசா எடுங்க!"

"ரெண்டு பங்கா?" என்று இயக்குநர் அலறினார். "ஓடையில விட்டத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்!"

ஆய்வாளர் ஏற்கெனவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். எந்தத் தண்ணீர் என்று டாக்டரிடம் சொல்ல ஆள் வேண்டும் என்று மருதாயியையும் ஜக்கையனையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கீழே விழுந்து கிடந்த அறிக்கையை ஜக்கையன் எடுத்துக்கொண்டான். அரசாங்கக் காகிதத்தை மிதிபட விட அவனுக்கு மனசு வரவில்லை.

போடிக்குள் நுழைந்ததும் முதலில் தென்பட்ட ஆஸ்பத்திரியில் வண்டி நின்றது. டாக்டர் ஜாக்குலின் நிதானமான பெண். மூன்று பேரின் நாடியையும் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி நிமிர்ந்தார்.

"என்ன குடிச்சீங்க?"

"விஷம் டாக்டர்!" என்றார் இயக்குநர். "பூச்சிமருந்து! ஓடையில கலந்திருக்கு. வயித்தக் கழுவி விடுங்க, சீக்கிரம்!"

"எந்த ஓடை?"

ஜக்கையன் கையிலிருந்த காகிதத்தை நீட்டினான். அவனுக்கு வேறு உள்நோக்கம் இல்லை, ஓடையின் பெயர் அதில் இருந்தது. டாக்டர் கடைசி வரை வாசித்தார். கையெழுத்தைப் பார்த்தார். படுக்கையில் கிடந்தவரைப் பார்த்தார்.

"ராம்பிரசாத்ங்கறது நீங்கதானே? ஓடைத்தண்ணி தூய்மை, எந்த உயிருக்கும் கெடுதல் இல்லன்னு இன்னைக்கு மத்தியானம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது கோழிக்கு எழுதுனது டாக்டர்! இது நான்!"

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று இயக்குநருக்கே ஒருகணம் கேட்டிருக்க வேண்டும்.

"நல்ல தண்ணி குடிச்சவருக்கு நான் ட்யூப் விட முடியாது சார்" என்றார் டாக்டர். "நாளைக்கு எங்கிட்டக் கேள்வி வரும். தண்ணியில விஷம் இருக்குன்னா இந்த அறிக்கை தப்பு. அறிக்கை சரின்னா நீங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம். எதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

"எழுதறேன், எழுதறேன், பேனாவக் கொடுங்க!"

இயக்குநர் அறிக்கையை வாங்கி முழுவதையும் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார். விஜயராஜின் தோட்டத்துப் பூச்சிமருந்து ஓடை நீரில் கலக்கிறது. ஐந்து கோழிகளும் அதனால்தான் செத்தன. உரிமையாளர் மேல் தவறில்லை. கோழிகளை எடுத்துச்செல்லும் உத்தரவு ரத்து. எந்த மருந்து, எத்தனை பங்கு, எத்தனை நாளாக என்பதை விஜயராஜே பக்கத்துப் படுக்கையிலிருந்து கத்திச் சொல்லி, அதற்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். சாகக்கிடக்கிற நிலையிலும் ஆய்வாளர் முத்திரையை மறக்கவில்லை, குத்தினார். மூன்று வாரமாக ஒரு ஆபீசிலும் நடக்காத வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

டாக்டர் அதை நகல் எடுக்கச் சொல்லி, ஒன்றைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஜக்கையனிடம் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஒன்றுக்கு மூன்று தடவை வாசித்தான். அப்புறம்தான் அவனுக்கு மற்றது உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதாயியைப் பயந்துபோய்ப் பார்த்தான்.

"ஏ மருதாயி, மூணு பேரு உசுரு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருச்சின்னா? ஓடைத்தண்ணியவா மோந்து குடுத்த?"

"எனக்கென்ன கிறுக்கா? கொழாய்த் தண்ணி."

"அப்ப வெள்ளையா இருந்துச்சுன்ன?"

"ஓடையில வெள்ளையாத்தான ஓடுது. இல்லன்னு சொல்லு பாப்போம்."

ஜக்கையனுக்கு மூச்சு வந்தது. "கோழி? எதய அறுத்த? அந்தச் செவல வெடக்கோழியையா?"

"இவுகளுக்கு எங்கோழியா? காலையில வெள்ளன பஸ்சப் பிடிச்சு வந்து வாங்கிட்டுப் போன பிராய்லரு. இருபத்தேழும் பஞ்சாரத்துல பத்திரமா இருக்கு."

ஜக்கையன் சட்டென்று எழுந்தான். உள்ளே பச்சைத்தண்ணீர் குடித்த மூன்று பேருக்கு வயிறு கழுவ ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நல்ல மனுஷன், பதறிப்போய், "டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டு வர்றேன்" என்று கதவுப் பக்கம் போனான்.

மருதாயி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"சொல்லுவோம்யா. யாரு வேணாம்னா? அஞ்சு கோழியாச்சே. ஒரு அஞ்சு நிமிசம் இரு."

உள்ளே நர்ஸ் சொல்வது கேட்டது. "அவ்வளவுதான் சார், இன்னும் கொஞ்சம் பெருசா வாயத் தெறங்க. எட்டு மில்லிமீட்டர் ட்யூப்தான்."